இருபத்துநாலாம் கட்டை

ஒன்பதாவது கட்டையைக் கோமளவல்லி அம்மாள் அழுத்தினார். தமயந்தி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் பதினைந்து. கட்டைக்கு எட்டு வினாடி, நடுவில் அந்த அம்மாள் விரலை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, அடுத்த கட்டையைத் தேடி வைக்க ஐந்து வினாடி, ஆக மூன்றே கால் நிமிடத்தில் இருபத்துநாலாம் கட்டை வந்துவிடும். வந்தால் தொலைந்தது. வராமல் போகாதா? கரண்ட் போகலாம். போனாலும் லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, தொண்ணூற்றொரு சதவீதம், பாழாய்ப்போன பேட்டரி, கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி நேற்றே சார்ஜ் போட்டு வைத்தவள் அவள்தான். வளசரவாக்கத்தில் இரண்டாம் மாடி, காலை பதினொரு மணி, எதிர்வீட்டில் குக்கர் ஒரு விசில் அடித்துவிட்டு அடுத்ததற்கு முனகிக்கொண்டிருந்தது. லேப்டாப்போடு இணைத்த சின்னக் கீபோர்டு அந்த அம்மாளின் மடியில். ஸ்பீக்கரிலிருந்து ‘ஆ’ என்று ஒரு பெண்குரல் வந்தது. இதே அம்மாளின் குரல்தான், ஐம்பது வருஷத்துக்கு முந்தியது, இருபத்தாறு வயதுக் குரல். எட்டு வினாடி நின்றது, பொசுக்கென்று அறுந்தது. அப்படித்தான் அறும், அந்த வாத்தியத்தின் பிறவிக்குணம் அது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஐந்தடி நீள டேப் துண்டு ஒன்று ஸ்பிரிங் உருளையில் சுருண்டிருக்கும். கட்டையை அழுத்தினால் துண்டு, குரலைப் படிக்கிற ஹெட்டின் மேல் ஓடும், பதிந்த குரல் கேட்கும். துண்டு தீர்ந்தால் குரல் தீர்ந்தது. விரலை எடுத்தால் ஸ்பிரிங் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். முப்பத்தைந்து கட்டை, முப்பத்தைந்து துண்டு. தாமோதரன் என்ற ரெக்கார்டிங் இன்ஜினியர் வெளிநாட்டு வாத்தியம் ஒன்றைப் பார்த்துக் கோடம்பாக்கத்தில் தன் கையாலேயே கூட்டிய ஒற்றை உருப்படி. அதைத்தான் தமயந்தியும் அவள் கூட்டாளி ஹபீபும் சாஃப்ட்வேராக ஆக்கியிருந்தார்கள். இனி யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் இறக்கி வாசிக்கலாம், இந்த அம்மாள் கையெழுத்துப் போட்டால். போடுவதற்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. “எல்லாக் கட்டையும் கேப்பேன். ஒவ்வொண்ணும் தானா முடியற வரைக்கும் கேப்பேன். இருந்தது இருந்தபடி இருக்கணும். ஒண்ணுல நீங்க கைவச்சிருந்தாலும் கையெழுத்து கிடையாது, சொல்லிட்டேன்.” சரிம்மா என்று தமயந்தி தலையாட்டியிருந்தாள். எவ்வளவு சுலபமாக ஆடுகிறது இந்தத் தலை.

எப்படி அழிந்தது என்பதை மட்டும் நினைக்கவே கூடாது என்று ஆட்டோவில் வரும்போதே சபதம் எடுத்திருந்தாள். சபதம் பத்தாம் கட்டை வரை தாங்கியது. வாத்தியம் மூன்று மாதத்துக்கு மேல் அவர்கள் அறையில் இருந்தது. ஹபீப் நல்ல பிள்ளையாக ஒவ்வொரு டேப்பிலும் சீட்டு ஒட்டினான், ஒன்றிலிருந்து முப்பத்தைந்து வரை, ஊர் உலகத்தில் எல்லாரும் எண்ணுகிற மாதிரி. தமயந்தியின் சாஃப்ட்வேரோ ஜீரோவிலிருந்து முப்பத்துநாலு வரை எண்ணியது. நிரல் எழுதுகிறவர்களுக்கு முதல் பொருள் ஒன்று அல்ல, ஜீரோ. பதினாறு வருஷம் அதே வேலையாக இருந்தால் தட்டில் விழுகிற இட்லியைக்கூட ஜீரோவிலிருந்துதான் எண்ணத் தோன்றும். முப்பத்துநாலு குரல்களை இரண்டு நாளில் பதிவு செய்தாயிற்று. ஒன்று மட்டும் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. சத்தத்தின் அளவு பார்க்க இரண்டு வினாடி அழுத்திப் பார்த்தாள். திரையில் முள் ஆடியதைப் பார்த்தாள். காதால் கேட்டாளா என்பது இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. ‘23 மந்தம், ஹெட்டில் காந்தம் ஏறியிருக்கும்’ என்று நோட்டில் எழுதி வைத்தாள். அவள் கணக்கில் இருபத்துமூன்று, ஹபீபின் சீட்டில் இருபத்துநாலு. மறுநாள் காலை வந்து, நோட்டைப் பார்த்து, இருபத்துமூன்று என்று சீட்டு ஒட்டிய டேப்பைக் கழற்றி, குழந்தைக்குத் தலை துவட்டுகிற பதத்தில் அதைப் பட்டர் பேப்பரில் சுற்றிப் பத்திரப்படுத்தினாள். அப்புறம் வாத்தியத்துக்கு உள்ளே கையை விட்டு, இருட்டில் ஹெட்டுகளை விரலால் இடமிருந்து தடவி எண்ணினாள். பழக்க தோஷம். ஜீரோ, ஒன்று, இரண்டு என்று இருபத்துமூன்று வரை. விரல் போய் நின்றது டேப் கழற்றாத இருபத்துநாலாவது ஹெட்டில். காந்தம் இறக்குகிற கருவி சாலிடரிங் அயர்ன் மாதிரி ஒரு கம்பிதான். கரண்ட் கொடுத்து ஹெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக வெளியே இழுத்தால் ஹெட்டில் ஏறிய காந்தம் இறங்கிவிடும். டேப் பக்கத்தில் இருந்தால் டேப்பில் இருக்கிற குரலும் கூடவே இறங்கிவிடும். அவள் அவசரப்படவில்லை. அதுதான் கொடுமை. ஹெட், உருளை, அதன் பின்பக்கம் என்று ஒரு இடம் விடாமல், மேலும் கீழுமாக, பூச்சிமருந்து அடிக்கிற சிரத்தையோடு கம்பியைக் காட்டினாள். முடித்துவிட்டு இருபத்துநாலை அழுத்தினால் உஸ் என்று ஒரு இரைச்சல், எட்டு வினாடி. உலகத்தில் வேறெங்கும் இல்லாத எட்டு வினாடி. ஒரு மனுஷியின் மூச்சு.

பதிமூன்றாவது கட்டையில் கோமளவல்லி அம்மாள் சிரித்தார். “மத்தியானம் சாப்ட்டு வந்து பாடினது இது. ஏப்பத்த அடக்கிக்கிட்டுப் பாடறேன் பாரு, நடுவுல ஒரு முழுங்கு முழுங்கறேன்.” தமயந்தி பார்த்தாள், அதாவது கேட்டாள், ஆமாம், நாலாவது வினாடியில் குரல் ஒரு நூல் இளைத்து மறுபடி தடித்தது. மூன்று மாதமாக அந்த இடத்தை டேப்பின் தேய்மானம் என்று நினைத்திருந்தாள். ஐயோ, எல்லாமே ஞாபகம் இருக்கிறதா இந்த அம்மாளுக்கு? எழுபத்தாறு வயதில் மனிதர்களுக்கு அடுப்பில் பால் வைத்தது மறக்கும், பேத்தி பெயர் மறக்கும் என்கிறார்களே, அதெல்லாம் யாருக்கு? பதினாலில், “இதுல வெளிய மழை.” மழையாவது ஒன்றாவது என்று நினைத்தாள், கேட்டாள், குரலுக்குப் பின்னால் தகரத்தில் ஏதோ பொரிந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்கு எட்டு வயதில், ஆவடியில், பக்கத்து வீட்டு மாலதி அக்காவின் கல்யாண கேசட்டை இரவல் வாங்கி வந்து டேப் ரெக்கார்டரில் போட்டு, தப்பான பட்டனைச் சேர்த்து அழுத்தி, கெட்டிமேளத்துக்கு நடுவில் தன் தும்மலையும் ‘அம்மா பசிக்குது’ என்பதையும் பதித்துவிட்டுச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. முப்பத்தொரு வருஷமாயிற்று. யாரும் கேட்கவில்லை. மாலதி அக்கா தெருவில் எதிர்ப்பட்டு எப்படிம்மா இருக்கே என்று விசாரித்தால் இன்றைக்கும் தமயந்திக்குக் காது சூடாகிவிடும். தாலி ஏறுகிற நேரத்தில் ‘பசிக்குது’ என்று ஒரு குரல். அவர்கள் கேட்டிருக்க மாட்டார்களா என்ன, கேட்டுச் சிரித்திருப்பார்கள், இல்லை அழுதிருப்பார்கள், இல்லை கேசட்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். தெரியாதே, அதுதானே தொல்லை. செய்த தப்பு எங்கோ ஒரு அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வருவேன் வரமாட்டேன் என்று கண்ணாமூச்சி காட்டுகிறது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஹபீப்தான். ‘என்ன சொல்றாங்க?’ அவனுக்கும் தெரியாது. எல்லாக் கட்டையும் எடுத்தாச்சா என்று அன்றைக்குக் கேட்டான், எடுத்தாச்சு என்றாள். ஒரு சொல். அவன் நம்பிவிட்டான், நம்புவதற்கென்றே பிறந்தவன்.

பதினேழு. காபி தம்ளரில் ஆடை கட்டிவிட்டது, எடுத்துக் குடிக்கக் கை வரவில்லை. இப்போதே சொல்லிவிடலாமா? ‘அம்மா, ஒரு நிமிஷம்’ என்று ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதானே. இருபதில் சொல்லலாம். இருபது ஒரு முழு எண், ஆரம்பிக்கத் தோதாக இருக்கும். சொன்னால் என்ன ஆகும்? எழுந்து போ என்பார். ஹபீபின் இரண்டு வருஷம் போகும், அவளுடைய இரண்டு வருஷமும் போகும். அதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது, அந்த அம்மாள் தன்னைப் பார்க்கப்போகிற பார்வையைத்தான் தாங்க முடியாது. ஒருவர் குரலை அழித்துவிட்டு அவர் போட்ட காபியையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சொல்லாவிட்டால்? கண்டுபிடிக்க முடியாது. அவள் வேலை அப்படி. இருபத்துமூன்றாம் கட்டையின் குரலை எடுத்து அரைச்சுரம் ஏற்றினாள். ஏற்றினால் குரல் கீச்சென்று போகாமல் தொண்டையின் கனத்தைத் திருத்தினாள். டேப் ஓடுகையில் வரும் சின்னத் தள்ளாட்டத்தை வேறு தினுசில் போட்டாள். தொடக்கத்து மூச்சை ஆறாம் கட்டையிலிருந்து கடன் வாங்கி ஒட்டினாள். எல்லாம் ஆனபிறகு ஒரு சங்கடம் மிச்சமிருந்தது. இருபத்துமூன்றில் ஐந்தாவது வினாடியில் கிளிங் என்று ஒரு வளையல் சத்தம். அதே கிளிங் அடுத்த கட்டையிலும் அதே வினாடியில் வந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் அந்தக் கிளிங்கை மட்டும் சோற்றில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி எடுத்துவிட்டாள். ஒரு முழு ராத்திரி பிடித்தது. விடிந்து கேட்டபோது அவளுக்கே எது நிஜம் எது போலி என்று குழம்பியது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பெருமைப்பட்டதற்காகவே அப்புறம் குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். இருபது வந்தது. ‘அம்மா’ என்றாள். “என்னம்மா?” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. “ஒண்ணுமில்ல, ஃபேன் வேகம் குறைக்கட்டுமா?” “வேணாம், புழுங்கும்.” இருபத்தொன்று. கோழை. இருபத்திரண்டு. எதிர்வீட்டுக் குக்கர் இரண்டாம் விசிலை முழுசாக அடித்தது, கோமளவல்லி அம்மாள் அது அடங்கும்வரை காத்திருந்து, அதே கட்டையை மறுபடி முதலிலிருந்து அழுத்தினார். எட்டு வினாடி ஆயுள் நீட்டிப்பு. தமயந்தி அந்தக் குக்கருக்கு மனசார நன்றி சொன்னாள்.

இருபத்துமூன்று. ‘ஆ’ என்று குரல் எழுந்தது. தமயந்தி உள்ளுக்குள் எண்ணினாள், நாலு, ஐந்து, கிளிங். அந்த அம்மாளின் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்து நின்றது, ஏதோ தெரிந்தவரைச் சந்தித்த மலர்ச்சி. குரல் அறுந்தது. விரல் எழுந்தது, கண்ணாடி ஏறியது, விரல் நகர்ந்து இருபத்துநாலின் மேல் இறங்கியது. ‘ஆ.’ நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை, மூச்சு ஒட்டினது தெரியவில்லை, இரண்டு, தள்ளாட்டம் சரி, மூன்று, கண் மூடித்தான் இருக்கிறார், நாலு, தாண்டிவிடும், தாண்டிவிடும் போலிருக்கிறது, ஐந்து, அந்த அம்மாளின் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது, மாடிப்படியில் ஒரு படி குறைந்தால் கால் காற்றில் தடுமாறுமே அந்த மாதிரி, ஆறு, கண் திறந்துவிட்டது, ஏழு, எட்டு. அறுந்தது. அவர் விரலை எடுக்கவில்லை. “ஏம்மா,” என்றார், “வளையல் எங்க?” “எந்த வளையல்?” என்று தமயந்தி கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் தன்னைப்போல ஒரு மக்கு உலகத்தில் இல்லை என்று தோன்றியது. “முந்தின கட்டைல கேட்டுதே, கிளிங்குனு. அது இதுலயும் வரணுமே. தொடச்சுட்டியா?” அவ்வளவுதான், மூன்று மாதமாகக் கட்டி வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது. “அம்மா, டேப்பு அழிஞ்சிருச்சும்மா. நான்தான் அழிச்சேன். தெரியாம, எண்ணிக்கைல தப்பு பண்ணி அழிச்சிட்டேன். இது உங்க குரல்தான், ஆனா நீங்க பாடினது இல்ல. முந்தின கட்டைய எடுத்து அரைச்சுரம் ஏத்தி வச்சிருக்கேன். வளையல் ரெண்டுலயும் வந்தா கண்டுபிடிச்சிருவீங்கன்னு அத வெட்டிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொல்லாம போயிரலாம்னுதான் வந்தேன்.” கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை, அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

கோமளவல்லி அம்மாள் அவளையே பார்த்தார். தமயந்தி பயந்த பார்வை அதில் இல்லை, அதனால் இன்னும் பயந்தாள். “நீயும் அதத்தான் பண்ணியா?” என்றார் அவர். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், மடியில் கீபோர்டு குலுங்கக் குலுங்க, கட்டைகள் தாமாக அமுங்கி ஸ்பீக்கரிலிருந்து அவருடைய இளங்குரல்கள் நாலைந்து ஒன்றாக அலற, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “தாமு சாரும் அதத்தாம்மா பண்ணாரு! அந்தக் கட்டைக்கு நான் பாடவே இல்ல. எனக்கு அப்ப ஏழாம் மாசம், வளைகாப்பு முடிஞ்சு மூணாம் நாளு. சாயங்காலம் ரயிலு, மன்னார்குடிக்கு, எங்கம்மா வீட்டுக்கு. ரயிலுக்கு நேரமாச்சுன்னு நான் பறக்கறேன், அந்த மனுஷன் அவசரத்துல சுரத்த எண்ணும்போது ஒண்ண விட்டுட்டாரு. நான் போனப்பறம் டேப்ப வெட்டிக் கோத்துப் பாத்தா முப்பத்துநாலுதான் இருக்கு. பிரசவத்துக்குப் போனவளத் திரும்பக் கூப்பிட முடியுமா? முந்தின டேப்பயே கொஞ்சம் வேகமா ஓட்டி இன்னொரு காப்பி எடுத்து மாட்டி வச்சிட்டாரு. வளையலோட.” பிள்ளை பெற்று ஆறு மாதம் கழித்து வந்து, சார் அதைப் பாடித் தருகிறேனே என்று கேட்டதற்கு, வேண்டாம்மா, பழகிடுச்சு என்றாராம். “அதான் ரெண்டுலயும் கிளிங்குனு வரும். அது கொஞ்சம் மந்தமாத்தான் கேக்கும், காப்பி இல்லயா?” மந்தம். தமயந்திக்கு நோட்டில் எழுதிய தன் எழுத்தே கண்முன் நின்றது. ஹெட்டில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை. நகல், அதனால் மந்தம், மந்தம் என்பதால் கம்பி, கம்பியால் அழிவு, அழிந்தது எது என்றால் இருபத்துமூன்றாம் கட்டையின் மந்தமான நகல், அந்த இருபத்துமூன்றோ அவள் பட்டர் பேப்பரில் சுற்றியபடியே பத்திரமாக இருக்கிறது. எட்டு வினாடியில் ஒரு மூச்சுக்கூடப் போகவில்லை. பாடாத சுரத்துக்கா மூன்று மாதம் துக்கம் காத்தாள்? தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி முதுகு தானாகச் சாய்ந்து நாற்காலியைத் தொட்டது. அத்தனை நேரமும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது, அதைப் பற்றி வெட்கப்படவும் தோன்றவில்லை, ஆறிப்போன காபியை எடுத்து ஆடையோடு குடித்தாள். ரொம்ப நன்றாக இருந்தது.

“அதுக்காகச் சும்மா விட்டுருவேன்னு நினைக்காத,” என்றார் கோமளவல்லி அம்மாள். “சுத்தம் பண்றேன்னு எங்க எதத் தொடச்சிருப்பீங்களோன்னு பயந்துதான் ஒவ்வொண்ணா கேட்டேன். கரெக்டா அந்த வளையல போய்த் தொடச்சிருக்க. வளைகாப்பு வளையல் கழட்டக்கூடாதுல்ல. தாமு சார் கழட்டச் சொல்றாரு, நான் மாட்டேங்கறேன். ரெண்டு கைலயும் துண்டச் சுத்திக்கிட்டு நின்னு பாடினேன். அந்த ஒரு சுரத்துல உள்ள இருந்தவன் விட்டான் பாரு ஒரு உதை, என்னையறியாம கை வயித்துக்குப் போயிடுச்சு. துண்டு நழுவிடுச்சு. திருப்பி எடுக்கலாம்னா, நல்லாத்தாம்மா இருக்கு, இருக்கட்டும்ங்கறாரு. அது ரெண்டு எடத்துலயும் இருக்கணும். அப்பறம் கையெழுத்து.” தமயந்தி லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டாள். ஒட்டிய மூச்சை நீக்கினாள், திருத்திய தொண்டையை நீக்கினாள், தள்ளாட்டத்தை நீக்கினாள், இருபத்துமூன்றை எடுத்து, தாமு சார் செய்தது போலவே வெறுமனே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டாள். ஒரு ராத்திரி வேலையைக் கலைக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அழுத்தினாள். ஐந்தாவது வினாடியில், முந்தினதைவிடத் துளி மெல்லிசாக, கிளிங். கோமளவல்லி அம்மாள் பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். மிச்சம் பதினொரு கட்டை இருக்கிறதே அம்மா என்றதற்கு, அதெல்லாம் அப்புறம் என்று கையை வீசிவிட்டு போனைத் தேடினார். ஓசூரில் பேங்க் மேனேஜராக இருக்கும் மகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். “அம்மா, மீட்டிங்ல இருக்கேன், சாயங்காலம் பேசறேனே,” என்று ஐம்பது வயதுக் கனத்த குரல் ஒன்று கிசுகிசுத்தது. “பேசு பேசு. இப்ப எட்டு செகண்டு மட்டும் கேளு,” என்று சொல்லி, போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இருபத்துநாலை அழுத்தினார். ‘ஆ’ என்று எழுந்து, கிளிங் என்று ஒலித்து, அறுந்தது. “என்னம்மா சத்தம் அது?” “அம்மா பாடறேன்டா. நடுவுல வளையல் சத்தம் கேட்டுதுல்ல, அது நீ வயித்துக்குள்ளேருந்து உதச்சது.” அந்தப் பக்கம் யாரோ வட்டி விகிதம் பற்றி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம், அந்தப் பேச்சு நின்றுபோனது. “இன்னொரு தடவ போடும்மா,” என்றது போன். கோமளவல்லி அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நீ போடு என்று தமயந்தியிடம் ஜாடை காட்டினார். தமயந்தி திரையைப் பார்க்காமல் கட்டையை அழுத்தி, அது தானாக முடிகிற வரைக்கும் கேட்டாள்.